ரெஜைனாவில் துண்டுக்குள் ஒரு பேரம்

1

நான் எழுதியதிலேயே சிறந்த கற்பனைப் படைப்பு நான்கு பக்கம். அச்சேறவில்லை. கனடாவின் நடுவில், ரெஜைனா என்ற ஊரில், ஞாபகம் நழுவும் முதியவர்களைப் பகல் நேரத்தில் பார்த்துக்கொள்ளும் மையம் ஒன்றின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. தலைப்பு ‘என்னைப் பற்றி’. எழுதியவன் நான். அந்த ‘என்னை’ என் அப்பா.

போன வருடம் இதே பனிக்காலத்தில் அவரை அங்கே சேர்த்தபோது கொடுத்த படிவம் அது. இவர் என்ன வேலை பார்த்தார், எதில் மனம் ஒன்றும், பதற்றம் வந்தால் எது தணிக்கும் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். மாத்திரை கொடுத்து உட்காரவைப்பதற்கு முன்னால் ஆளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அருமையான கொள்கை. ஒரே ஒரு சிக்கல், அதற்கு உண்மை பேசுகிற மகன் தேவைப்படுகிறான்.

நான் எழுதியது இது. தொழில்: கால்நடைத் துறை அதிகாரி, ஓய்வு. பிடித்தவை: கர்நாடக இசை, தோட்டக்கலை, ஆன்மிக நூல்கள். பதற்றத்தைத் தணிப்பது: வீணை.

அப்பா மாட்டுத் தரகர். கிழக்கே உளுந்தூர்பேட்டை சந்தையிலிருந்து மேற்கே கல்வராயன் மலை வரைக்கும் ‘நைனார்பாளையம் தரகர் முனுசாமி’ என்றால் மாட்டுக்குக்கூடத் தெரியும். வீணையை அவர் காலண்டரில் சரஸ்வதியின் மடியில் பார்த்திருக்கலாம். செடி என்றால் அதை மாடு தின்னுமா, தின்னாதா என்பதோடு அவர் அக்கறை முடிந்தது. ஆன்மிக நூல் விஷயம் இன்னும் மோசம். பள்ளிக்கூடத்துக்குப் போனதே மூன்று வருடம். அதில் இரண்டு வருடம் வாத்தியாரின் பசுவை மேய்த்துக்கொண்டிருந்தார்.

பொய்யின் ஆரம்பம் கல்லூரி விடுதியில். ‘உங்கப்பா என்ன பண்றார்?’ என்று கேட்டவனிடம் ‘கால்நடைத் துறையில்’ என்றேன். முழுப் பொய்யும் இல்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவர் கால்நடைகளுக்கு நடுவில்தான் நின்றார். அந்த வார்த்தை பிறகு என்னோடு விமானம் ஏறியது. நண்பர்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்தது, பொங்கல் விழாவில் வேட்டி கட்டி உட்கார்ந்தது. ஒருநாள் ‘அதிகாரி’ என்று பதவி உயர்வும் வாங்கிக்கொண்டது.

இந்த ஊரில் நான் பார்க்கும் வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், மக்கள் படிவங்களில் எழுதும் பொய்களைக் கண்டுபிடிப்பது. இருபத்திரண்டு வருட அனுபவம்.

2

வெளிநாடு வந்தவர்களுக்குத் தெரியும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இவர்களுக்கு அது இல்லாமல் பொழுது போகாது. எனவே என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரும், அப்பா பெயருக்குப் பின்னால் தாத்தா பெயரும் ஒட்டிக்கொண்டன. மையத்தில் அப்பாவை ‘மிஸ்டர் கந்தன்’ என்று கூப்பிடுவார்கள். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, “அவரு செத்து எத்தினி வருசம் ஆவுது, இன்னும் தேடிக்கினு இருக்கீங்களே” என்பார். என்னை ‘மிஸ்டர் முனுசாமி’ என்று கூப்பிட்டால் அவர் எழுந்து நிற்பார்.

நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா போன பிறகு இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. கடைசி இரண்டு வருடங்களில் பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. என் முறை வந்தபோது நான் மாடு ஏற்ற வந்திருக்கும் லாரிக்காரன் ஆனேன். காலையில் என்னைப் பார்த்ததும், “வாங்க, உக்காருங்க. டீ சாப்ட்டீங்களா? லோடு நாளைக்குத்தாங்க” என்பார். ஐம்பத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் எனக்கு ‘ங்க’ போட்டதில்லை. ‘டேய்’தான், கோபம் வந்தால் அதற்குப் பின்னால் ஒரு மிருகத்தின் பெயர். இப்போது தினமும் மரியாதை கொட்டுகிறது. அதைத் தாங்க முடியாமல் நான் டீ போடும் சாக்கில் சமையலறைக்குப் போய்விடுவேன்.

இரண்டு மாதம் முன்பு மையத்திலிருந்து போன் வந்தது. பேசியது ஜாய். பிலிப்பைன்ஸ்காரர், நாற்பது வயதிருக்கும், அப்பாவைப் பார்த்துக்கொள்பவர். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவர், அன்று சிரிக்கவில்லை.

“மிஸ்டர் முனுசாமி, உங்கள் அப்பா பக்கத்தில் உட்காருகிறவர்களின் கையைப் பிடிக்கிறார். சும்மா பிடித்தால் பரவாயில்லை. விரல் விரலாகப் பிடித்து இழுக்கிறார். தோளில் கிடக்கிற துணியைப் போட்டு மூடிக்கொள்கிறார். அவர்கள் பயந்து கையை உருவினால் கோபப்படுகிறார். துணியை வாங்கி வைத்தோம். இப்போது சட்டையைக் கழற்றி மூடுகிறார்.”

“வேறு ஏதாவது?”

ஜாய் கொஞ்சம் தயங்கினார். “நேற்று ஒரு பெரியவரின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். பல் செட்டு கையோடு வந்துவிட்டது.”

பல் செட்டுக்காரரை நினைத்து வருத்தப்பட்டிருக்க வேண்டும். நான் அப்பாவை நினைத்துத்தான் வருத்தப்பட்டேன். ஐம்பது வருடத் தொழிலில், மொத்தப் பல்லும் ஒரே இழுப்பில் கழன்ற மாட்டு உருப்படியை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

“அவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?” என்றார் ஜாய்.

தோன்றுவதென்ன, அந்த நொடியே தெரிந்துவிட்டது.

“தெரியவில்லையே” என்றேன்.

3

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இன்னொரு கணக்கு, உள்ளங்கையில் கட்டைவிரலால் தேய்த்தால் பாதி. வெளியே இரண்டு முகமும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு மழை வருமா என்று பேசிக்கொண்டிருக்கும். உள்ளே பெரிய சண்டை நடக்கும். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஆடுகிற துண்டு மட்டும்தான் தெரியும்.

விலைக்கு முன்னால் பரிசோதனை உண்டு. பல்லைப் பார்த்து வயது. முதுகில் தட்டிப் பார்த்து முரண்டு. அப்புறம் சுழி. மாட்டின் மயிர் எந்த இடத்தில் சுழித்திருக்கிறது என்பது சாதாரண விஷயமில்லை. ஒரு சுழி குடும்பத்தை வாழவைக்கும், ஒரு சுழி குடும்பத் தலைவரைப் பாடையில் ஏற்றும். கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்கு நடந்தே போய், வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து அப்பா காளைகளை ஓட்டிவருவார். இருட்டில்கூட விரலால் தடவியே சுழி சொல்வார்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒருநாள் என்னை உளுந்தூர்பேட்டை சந்தைக்குக் கூட்டிப்போனார். சடையன் என்று இன்னொரு தரகர், அப்பாவின் சிநேகிதர், என்னைப் பார்த்து, “இன்னா முனுசாமி, இது இன்னா வெல?” என்று கேட்டார். அப்பா உடனே என் தலையைக் குனியவைத்து, பின்கழுத்து மயிரை விலக்கிக் காட்டினார். “பாத்துக்க, ரெட்ட சுழி. பின்கழுத்துல. தேடுனாலும் கெடைக்காது.” துண்டு விழுந்தது. இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். துண்டு ஆடியது. பிறகு அப்பா என் கையை எடுத்து சடையன் கையில் கொடுத்துவிட்டு, ஒரு நொண்டி ஆட்டைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

பத்தடி நடந்துவிட்டுத் திரும்பிவந்தார் என்பது வேறு விஷயம். நான் உளுந்தூர்பேட்டையில் ஆரம்பித்த அழுகையை நைனார்பாளையத்தில்தான் நிறுத்தினேன். ஏன் அழுகிறான் என்று கேட்ட பஸ் பிரயாணிகள் அத்தனை பேரிடமும் அப்பா கதையைச் சொல்லிச் சிரித்தார். பின்னாளில் ஒவ்வொரு பரீட்சை முடிவு வரும்போதும், “அந்த நொண்டி ஆட்டையே ஓட்டியாந்திருக்கலாம்” என்பார்.

இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கல்யாணம் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. கல்யாணமான புதிதில் இதைத் தேன்மொழியிடம் பெருமையாகச் சொன்னேன். “தாராளமா பண்ணிக்குங்க. அவளும் வந்து இதே வூட்ல ஆக்கிப் போடட்டும், பாக்கலாம்” என்றாள்.

4

அப்பாவைப் பார்க்கும் டாக்டர் அம்மா நேர்மையானவர். “ஒரு மாத்திரை இருக்கிறது, கொடுத்தால் அடங்குவார். ஆனால் இந்த வயதில் அது தள்ளாட வைக்கும், கீழே விழவைக்கும், வேறு ஆபத்துகளும் உண்டு. கடைசி வழியாகத்தான் தருவேன். அவர் கை எதைத் தேடுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒரு மாதம் பார்ப்போம். அதற்குள் நிற்கவில்லையென்றால் மையத்தில் வைத்துக்கொள்ளமாட்டார்கள். அப்புறம் எனக்கும் வேறு வழியில்லை” என்றார்.

மாத்திரைக்கு நான் எதிரியில்லை. என் ரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒன்று, கொழுப்புக்கு ராத்திரி ஒன்று தின்கிறவன். ஆனால் அந்த மாதிரி மாத்திரையை ஒருமுறை பார்த்திருக்கிறேன். போன வருடம் அப்பா ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தபோது அவருக்குக் கொடுத்தார்கள். அப்பா வாய் திறந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நான்கு நாளும் லாரிக்காரனுக்கு யாரும் டீ சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். நான் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தேன். இணையத்தில் தேடினேன். லாவண்டர் எண்ணெய் நல்லது என்றார்கள், தலையணையில் தெளித்தேன். அப்பா மோந்து பார்த்துவிட்டு, “யாருக்குங்க சாவு?” என்றார்.

பொம்மையைக் கொஞ்சினால் சில பேருக்கு மனம் அமைதியாகும் என்றார்கள். சரி, கன்றுக்குட்டி பொம்மை ஒன்று வாங்கினேன். வெள்ளையும் பழுப்பும், மெத்மெத்தென்று. அப்பா அதைத் தூக்கி, வயிற்றை அமுக்கி, காதைத் திருப்பிப் பார்த்தார். எங்கள் ஊரில் கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோல் அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள், பால் சுரப்பதற்காக. அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு அது மறக்கவேயில்லை.

“வெக்கோல் கன்னுங்களா?” என்றார், என்னைப் பரிதாபமாகப் பார்த்து. “மாட்ட ஏமாத்தலாம். தரகன ஏமாத்தக் கூடாதுங்க.”

உள்ளங்கையில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலையைத் தேன்மொழி எடுத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் கூடத்திலிருந்து கூப்பிட்டாள். “இன்னாங்க, இங்க வாங்க. மாமா என்னை வெல பேசறாரு.”

போய்ப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பு இரண்டு பேர் கைமேலும் கிடந்தது. தேன்மொழிக்கு ரிஷிவந்தியம், விவசாயக் குடும்பம்; இதெல்லாம் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“எங்கப்பாவும் சந்தையில இப்டித்தான் புடிப்பாரு. ஆமா, அங்க கைய புடிக்கறாரு, கைய புடிக்கறாருன்னு சொல்றாங்களே, இதத்தான? நீங்க சொல்லலியா அவங்ககிட்ட?”

“சொல்லணும்…”

“மறந்துட்டீங்களா? வூட்டுக்கு ஒருத்தருக்கு அந்த வியாதி போதும்.”

சத்தம் கேட்டு என் மகள் நிலா வந்தாள். பதினாறு வயது. தமிழ் பேசுவாள், ஆனால் இங்கிலீஷில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’ என்பதால் தமிழிலும் எல்லாருக்கும் ஒரே ‘நீ’. தாத்தா முதல் கோயில் குருக்கள் வரை விதிவிலக்கு கிடையாது. என் மேஜையில் கிடந்த பழைய படிவத்தின் நகலை எடுத்துப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அப்பா, இது யாரு?”

“தாத்தா.”

“எந்தத் தாத்தா?”

படிவத்தை வாங்கக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

“நீ ஏன் பொய் எழுதின?”

“அப்படி இல்லம்மா. தரகர்னா இங்க யாருக்குப் புரியும்? ஒரு மாதிரி நினைப்பாங்க.”

“தரகர்னா புரோக்கர்தானே? கிளாஸ்ல ஒரு பொண்ணோட அப்பா புரோக்கர். வீடு விக்கறார். பஸ் ஸ்டாப் பெஞ்ச் எல்லாத்துலயும் அவர் போட்டோ இருக்கு. அவங்ககிட்ட மூணு கார் இருக்கு.” படிவத்தை மேஜையில் வைத்தாள். “நீ சொல்லியிருந்தா நாமளும் பெருமையா இருந்திருக்கலாம்.”

நான் வெட்கப்பட்டு ஒளித்த வேலையை இந்த நாட்டில் பஸ் நிறுத்தத்தில் சிரித்த முகத்தோடு படம் போட்டு வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்துதான் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.

5

மறுநாள் ஜாயிடம் போனேன். நான் விசாரிக்கிற பொய்க்காரர்கள் என் எதிரில் எப்படி உட்காருவார்களோ அப்படியே உட்கார்ந்தேன், நாற்காலியின் நுனியில். சந்தை, துண்டு, விரல், பல், சுழி எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரியைப் பதவி நீக்கம் செய்தேன்.

ஜாய் என் பழைய படிவத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு, “வீணை?” என்றார்.

“அதுவும் பொய்.”

“ஒரு வருடம், மிஸ்டர் முனுசாமி. தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் வீணை இசை போட்டோம். நான் வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூட அதை முணுமுணுக்கிறேன். என் கணவர் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார்.”

மன்னிப்புக் கேட்டேன்.

“அந்தச் செடி?”

தோட்டக்கலை பிடிக்கும் என்று நான் எழுதியதால் அப்பாவுக்கு ஒரு தொட்டிச் செடி கொடுத்திருந்தார்கள். அவர் அதன் இலைகளைக் கிள்ளிக் கிள்ளிப் பக்கத்தில் இருக்கிறவர்களின் வாயருகே நீட்டியிருக்கிறார். அதையும் விளக்கினேன். பசி இருக்கிறதா என்று பார்ப்பது. தீனி எடுக்காத உருப்படியை வாங்கக் கூடாது.

அதற்குமேல் ஜாயால் முடியவில்லை. மேஜைமேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். உள்ளே அப்பாவின் துண்டு. காவிக்கரை போட்ட பழைய ஈரிழைத் துண்டு, துவைத்து மடித்து, மேலே சீட்டு ஒட்டி. ‘மிஸ்டர் கந்தன். தடை செய்யப்பட்ட துணி.’

“பயந்தவர்களிடம் இதை மறுபடி கொடுக்க முடியாது” என்றார். “ஆனால் பயப்படாத ஆள் ஒருவர் இருக்கிறார். நீங்கள் ஹென்றியைப் பார்த்திருக்கிறீர்களா?”

பார்த்திருக்கிறேன். ஜன்னல் ஓரமாக, தொப்பியைக் கழற்றாமல், பனி மூடிய வெளியைப் பார்த்துக்கொண்டே இருக்கிற பெரிய உருவம். வாழ்நாள் முழுக்க மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர். இப்போது பேச்சு அநேகமாக நின்றுவிட்டது. அவரிடம் ஆமாம், இல்லை வாங்குவதுதான் இங்கே பெரும் பாடாம். காபி வேண்டுமா என்றால் தலையை அசைக்கவே மாட்டார். அவர் மகள்தான் காரணம் சொன்னாளாம். இங்கே மாட்டை ஏலத்தில் விற்கிறார்கள். ஒருவர் மைக்கைப் பிடித்து மூச்சு விடாமல் கத்துவார். கூட்டத்தில் யார் தலையை ஆட்டினாலும் மாடு அவர் தலையில். அதனால் ஹென்றி ஐம்பது வருடமாகத் தலையை அசையாமல் வைத்துப் பழகிவிட்டார்.

“உங்கள் படிவம் சரியாக இருந்திருந்தால் போன வருடமே பக்கத்தில் உட்கார வைத்திருப்பேன்” என்றார் ஜாய். அது ஒன்றுதான் அவர் சொன்ன கடுஞ்சொல். போதுமானதாக இருந்தது.

6

ஹென்றிக்கு எதிரில் அப்பாவை உட்காரவைத்தோம். ஹென்றியின் மகளிடம் போனில் கேட்டு, சம்மதம் வாங்கியிருந்தார் ஜாய். துண்டை எடுத்து அப்பாவின் தோளில் போட்டேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். ஒரு நுனியை மூக்கருகே கொண்டுபோனார். சோப்பு வாசனை பிடிக்கவில்லை, முகத்தைச் சுளித்தார்.

பிறகு ஹென்றியைத் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை ஒருமுறை பார்த்தார்.

“எந்த ஊருங்க?”

ஹென்றி பதில் சொல்லவில்லை. கண் மட்டும் அப்பாவின்மேல் நின்றது.

“வாயத் தொறக்க மாட்டாரு” என்று அப்பா என் பக்கம் திரும்பிச் சொன்னார், குரலில் மரியாதையோடு. “இவருதாங்க யாவாரி.”

கையை நீட்டினார். ஹென்றியின் கை மெதுவாக வந்தது. மண்வெட்டி மாதிரிக் கை, நடுவிரலில் பாதியைக் காணோம். துண்டு விழுந்தது. நானும் ஜாயும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துண்டுக்கு அடியில் ஓர் அசைவு. ஹென்றி கையை உருவிக்கொள்வார் என்று ஜாய் ஓரடி முன்னால் வைத்தார். ஹென்றி உருவவில்லை. புருவம் சுருங்கியது. அப்பா எதையோ பிடித்தார், ஹென்றி எதையோ திருப்பிப் பிடித்தார். அப்பா முகத்தில் ‘இதெல்லாம் ஒரு கேள்வியா’ என்கிற அலட்சியம் வந்தது. அந்த முகத்தை நான் பார்த்து முப்பது வருடம் இருக்கும்.

“மழை வராப்ல இருக்குதுங்க” என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்து. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி.

ஹென்றியும் ஜன்னலைப் பார்த்தார். துண்டு ஆடியது.

“என்ன விற்கிறார்கள்?” என்று ஜாய் காதோரம் கேட்டார்.

அப்பாவின் பார்வை போகும் திசையில் பார்த்தேன். வண்டி நிறுத்துமிடம். “என் காராக இருக்கும் என்று நினைக்கிறேன்” என்றேன்.

அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் துண்டு போட்டால் மறதி போய்விடும் என்று கிளம்பிவிட வேண்டாம். ஒரு பெயர்கூட அப்பாவுக்குத் திரும்பி வரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் இன்னமும் செருப்பைத் தேடுகிறார், மலையில் காளை கட்டியிருக்கிறது, ஓட்டிவர வேண்டும் என்கிறார். முன்பெல்லாம் ‘அப்பா, இது கனடா’ என்று பூகோளப் பாடம் நடத்துவேன். இப்போது ‘எத்தனை பல்லு?’ என்று கேட்கிறேன். சொல்ல ஆரம்பிக்கிறார். சொல்லி முடிப்பதற்குள் செருப்பு மறந்துவிடுகிறது. சில நாள் மறப்பதில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்க் காளையைத் தேடிவிட்டு வருகிறோம்.

ஆனால் மையத்தில் மற்றவர்கள் கையைப் பிடிப்பது நின்றுவிட்டது. நிஜ வியாபாரி கிடைத்த பிறகு சில்லறை ஆட்களிடம் அவருக்கென்ன வேலை? பல் செட்டுக்காரர் நிம்மதியாக வாயைத் திறந்து சிரிக்கிறார். ஒரு மாதம் முடிந்ததும் டாக்டர் அம்மா கோப்பைப் பார்த்து, “மாத்திரை இப்போதைக்கு வேண்டாம்” என்றார். ‘இப்போதைக்கு’ என்பதை அழுத்தித்தான் சொன்னார். அதுவும் நேர்மைதான்.

7

போன வாரம் வருடாந்தரப் பரிசீலனை. புதிய படிவம். நானும் தேன்மொழியும் போயிருந்தோம். இந்த முறை ஜாய் பேனாவை என்னிடம் கொடுக்காமல் தேன்மொழியிடம் கொடுத்தார். அவள் தொழில் என்ற இடத்தில் மாட்டுத் தரகர் என்று பெரிதாக எழுதினாள். தணிப்பது என்ற இடத்தில் ‘துண்டு’ என்றும் ‘ஹென்றி’ என்றும் எழுதினாள். இவரை அடிக்கடி பார்க்க வரும் உறவினர் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘லாரிக்காரர்’ என்று எழுதி அடைப்புக்குறிக்குள் ‘மகன்’ என்று போட்டாள்.

இதை எழுதும் இன்று காலையிலும் நான் லாரிக்காரன்தான் என்பதைச் சொல்லிவிட்டு, அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவும் ஹென்றியும் வழக்கம்போல் துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன். ஹென்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, கண்ணால் என்னைச் சுட்டிக்காட்டினார்.

“இதுவா?” என்றார் அப்பா.

இடது கையைத் துண்டுக்குள்ளேயே விட்டுவிட்டு, வலது கையால் என்னை அருகே இழுத்தார். “ஹோ… ஹோ… நில்லு” என்றார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு மரியாதை போனது. உதட்டைத் தூக்கினார். நல்லவேளை, எனக்கு இன்னும் சொந்தப் பல்.

“பல்லு சேந்துடுச்சு. வயசு ஆயிப்போச்சு” என்றார் ஹென்றியிடம். ஒளிவுமறைவு இல்லாத தரகர். முதுகில் தட்டினார். வயிற்றை அமுக்கினார். “தீனி ஜாஸ்தி. ஒழைப்பு கம்மி. முட்டாது, ஆனா சொன்ன பேச்சு கேக்காது.”

தேன்மொழி ஒவ்வொன்றுக்கும் ‘ஆமா மாமா’ போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஜாய்க்கு மொழிபெயர்த்தேன். ஜாய் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார், எந்தப் பகுதியில் சேர்க்கப்போகிறார் என்று தெரியவில்லை.

“குனி” என்றார் அப்பா.

குனிந்தேன். உச்சந்தலையில் விரல் போனது. அங்கே தேட ஒன்றும் இல்லை. விரல்கள் இறங்கிப் பின்கழுத்துக்கு வந்தன. அங்கே நின்றன. ஒரு சுற்று சுற்றின. பக்கத்தில் நகர்ந்து இன்னொரு சுற்று. மறுபடி முதலிலிருந்து.

ஹென்றி காத்திருந்தார். துண்டுக்குள் அவர் கை நகர்ந்தது. அப்பா திருப்பிப் பிடிக்கவில்லை. ஹென்றி கையை வெளியே எடுத்து, எல்லாரும் பார்க்க, நாலரை விரலையும் விரித்துக் காட்டினார். நொண்டி ஆட்டுக்குப் போன உருப்படிக்கு இவ்வளவு விலை ஏறியிருக்கிறது என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன். எதையாவது நினைக்க வேண்டியிருந்தது.

அப்பா துண்டை உருவி, உதறி, தன் தோளில் போட்டுக்கொண்டார். சந்தையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பேரம் இல்லை.

“இது விக்கறதுக்கு இல்ல” என்றார். கை என் கழுத்திலேயே இருந்தது. “இது எங்க வூட்டுது.”

ஜாய் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்காமல் குனிந்தபடியே நின்றேன். தேன்மொழிதான் அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள்.

ஹென்றியின் முகம் வாடியதை அப்பா கவனித்துவிட்டார். நல்ல வியாபாரியை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி ஹென்றியின் பக்கம் லேசாகத் தள்ளிவிட்டார்.

“வோணும்னா ரெண்டு நாளு ஏருக்கு ஓட்டிக்கினு போ. தெனமும் பொழுது சாயறதுக்குள்ள கொண்ணாந்து வுட்டுடணும்.”

ஐம்பது வருடமாக அசையாத ஹென்றியின் தலை, மெதுவாக, ஒரே ஒரு தடவை அசைந்தது.